நூலில் ஆடும் பாவையும் எமது கூத்தும்

பொம்மலாட்டம் என்றதும் சிறுபிள்ளை வேடிக்கை என்று பலர் எண்ணுவர். வள்ளுவப் பெருந்தகையோ 1020ஆம் குறளில் நூலால் ஆட்டப்படும் மரப்பாவையை உவமையாக்கியுள்ளார். தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கங்களில் இக்கலை கோயில் திருவிழாக்களோடு சேர்ந்தே வளர்ந்தது.

அங்குள்ள பாவைகளில் நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் கொண்டவை உண்டு. நூல்களின் மேல்நுனிகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். அவ்வளையத்தைக் கலைஞர் கிரீடம் போலத் தலையில் தரித்துக்கொள்வார். பாவையின் பாரத்தைத் தலை தாங்க, அதன் கைகளைக் கம்பிகளால் இயக்குவார். திரைக்குப் பின்னே தம் காலில் சலங்கை கட்டி அவரே ஆடுவார். சபையோருக்கோ பாவையின் சலங்கை ஒலிப்பதாகவே தோன்றும். (பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்து ஆடிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்!)

முதலில் பிள்ளையார் பூசை, அடுத்துக் கோமாளி, பின்பே கதை என்பது மரபு. விடிய விடிய ஆடிய அரிச்சந்திரன் கதை போன்றவற்றைக் கும்பகோணம் மங்கள கான பொம்மலாட்ட சபா முதலிய குழுக்கள் இக்கால மேடைக்கேற்ப ஓரிரு மணித்தியாலங்களுக்குச் சுருக்கியுள்ளன.

எமது நாட்டிலும் அம்பலாங்கொடை, பலப்பிட்டிய, மிரிஸ்ஸ ஊர்களில் சிங்களக் குடும்பங்கள் பரம்பரையாக நூற்பாவை ஆடுகின்றன. இதனை யுனெஸ்கோ 2018இல் மானிட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பழங்கதைகளோடு இன்றைய வாழ்க்கையின் நகைச்சுவைகளையும் அவர்கள் ஆடுகின்றனர்.

இங்கேதான் எமக்கு ஒரு பாடம் உள்ளது. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கின்றனர். மாசி மாதக் காமன் கூத்துக்குப் பல இரவுகள் லீவு கிடைப்பதில்லை. ஆகவே கூத்தைச் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் ரதியின் புலம்பலையும் காமன் தகனத்தையும் வெட்டிவிட்டு, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போடுவதை அடியேனால் ஏற்க முடியாது. புதுமை வேண்டுமானால் கோமாளியிடம் கொடுங்கள். சம்பளப் பேச்சையும் கைத்தொலைபேசியையும் அவர் வாயால் கேட்டால் இளையோரும் உட்கார்ந்து பார்ப்பர்.

சிறுவர்கள் பாவை செய்தும் பழகலாம். தஞ்சைப் பாவைகளுக்கு ஏற்ற மரம் கலியாண முருங்கை. அதே இனத்து முருக்கு மரத்தைத்தான் எமது தேயிலை மலைகளில் நிழலுக்காக நட்டனர். கவாத்து வெட்டும்போது விழும் கிளையில் ஒன்றைத் தோட்ட நிருவாகத்திடம் கேட்டு வாங்கினால், முதற்பாவையாகப் பிள்ளையாரையே செதுக்கத் தொடங்கலாம்.