பகிர்வும் பண்பும்

ஒருவரது இயல்பை அவர்தம் சொற்களே புலப்படுத்தும் என்பது பலரும் அறிந்தது. முகநூலில் மாந்தர் எழுதுவனவற்றிற்கும் இது பொருந்துமோ?

2015-ஆம் ஆண்டில் இலண்டன் புருனல் பல்கலைக்கழகத்து உளநூலார் முகநூல் பயன்படுத்துவோர் 555 பேரிடம் இதனை ஆராய்ந்தனர். கூடிப் பழகும் இயல்பினர் நண்பரோடு கழித்த பொழுதுகளையும், புதியன நாடுவோர் அறிவுத்துறைச் செய்திகளையும், கடமையுணர்வு மிக்கோர் தம் மக்களைப் பற்றியும் மிகுதியாக எழுதினர். தம்மைத் தாழ்வாக மதிப்போர் தம் காதலரைப் பற்றி அடிக்கடி எழுதினர். தம்மைத் தாமே வியப்போரோ தம் வெற்றிகளை எடுத்துரைத்தனர்.

ஈண்டு நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. தம்மை வியப்போர் ஏனையோரினும் மிகுதியான பாராட்டுப் பெற்றதாக உரைத்தனர். அப்பாராட்டே அவரை மீண்டும் தற்புகழத் தூண்டுதல் கூடும். ஆதலின், மாணவ நண்பர்காள், எழுதுமுன் நம் உள்ளத்தை ஆராய்வோமாக. பிறரைப் பாராட்டுமுன்னும் சிறிது எண்ணுவோமாக.