குளிரூட்டியும் எர்த் கம்பியும்

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை வெளியே இறைக்கிறது. மின்பொறியியல் பயிலும் நான், அதன் உள்பெட்டியை இணைக்கும் முறையைச் சுருக்கமாக விளக்குகிறேன்.

முதலில் மெயின் சுவிட்சை அடைத்து, மின்சாரம் இல்லையென மீட்டர் வைத்து உறுதிப்படுத்த வேண்டும். சுவர்த்துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிடில் தண்ணீர் அறைக்குள் சொட்டும்.

பல இன்வெர்ட்டர் வகைகளில் உள்பெட்டியையும் வெளிப்பெட்டியையும் நான்கு கம்பிகள் இணைக்கின்றன: மின்சாரத்துக்கு இரண்டு, சமிக்ஞைக்கு ஒன்று, எர்த் ஒன்று. எண் 1-இல் உள்ள கம்பி மறுமுனையிலும் 1-இல்தான் சேர வேண்டும். மாறினால் இயந்திரம் சரியாக ஓடாது, பிழை தெரிந்துவிடும்.

எர்த் கம்பி அப்படியன்று. பச்சை மஞ்சள் நிறமுள்ள அதை விட்டுவிட்டாலும் குளிர் வரும். ஆனால், 230 வோல்ட் கசிந்தால் தொடுபவரின் உடலே மின்சாரத்துக்கு வழியாகும். ஆகவே, பதிவு பெற்ற மின்பணியாளரையே அழைப்போம். “அண்ணே, எர்த் கொடுத்தாச்சா?” என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.