பார்ப்பது கண் மட்டுமா? – பேராசிரியர் பவன் சின்ஹாவின் ஆய்வுகள்



"கண் ஒரு புகைப்படக் கருவியைப் போன்றது" என்று படித்திருப்பீர்கள். வில்லை ஒளியைக் குவிக்கிறது. விழித்திரையில் தலைகீழான விம்பம் தோன்றுகிறது. பார்வை நரம்பு செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கிறது. பலர் இவ்விடத்தில் விடையை முடித்துவிடுகிறீர்கள். உண்மையில் 'பார்த்தல்' இதன் பின்னர்தான் தொடங்குகிறது. அதனை இப்பாடத்தில் விளங்கிக்கொள்வோம்.

1. ஆய்வாளர் யார்?

இந்தியரான பவன் சின்ஹா டில்லி இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்தில் கணினி விஞ்ஞானம் பயின்றவர். பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கேயே மூளை, அறிகை விஞ்ஞானத்துறையில் பேராசிரியரானார்.

2. பிரகாஷ் திட்டம்

இந்தியாவில் பிறவியிலேயே கண்புரையுள்ள பிள்ளைகள் பலர், வறுமையால் சிகிச்சையின்றிப் பார்வையற்றவர்களாகவே வளர்ந்தனர். அவர்களுக்குச் சிகிச்சையளிக்கவும், அவர்கள் பார்க்கக் கற்கும் விதத்தை ஆராயவும் 2000களின் முற்பகுதியில் சின்ஹா தொடங்கியதே பிரகாஷ் திட்டம். புதுடில்லியிலுள்ள டாக்டர் ஷ்ரொஃப் தரும கண் மருத்துவமனை இதில் இணைந்து பணியாற்றியது.

பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சிறுவயதில் மூடிவைத்தால், பின்னர் திறந்தாலும் அக்கண்ணின் பார்வை சீராகாது என ஹியூபல், வீசல் ஆகியோர் காட்டியிருந்தனர். இவர்கள் 1981இல் நோபல் பரிசு பெற்றவர்கள். இதனால் வளர்ந்த பிள்ளைக்குச் சிகிச்சை செய்தும் பயனில்லை எனப் பலர் நம்பினர். பிரகாஷ் பிள்ளைகளின் பார்வைக் கூர்மை முழுமையாகத் திரும்பவில்லை. எனினும் அவர்கள் உருவங்களை இனங்காணக் கற்றுக்கொண்டனர். "காலம் கடந்துவிட்டது" என்று கைவிடக் கூடாது என்பதை இது காட்டியது.

3. முந்நூறு ஆண்டு பழைய வினா

தொட்டுத் தொட்டுச் சதுரமுகியையும் கோளத்தையும் அறிந்த பிறவிக் குருடர் ஒருவர் பார்வை பெற்றால், தொடாமலே இரண்டையும் வேறுபடுத்துவாரா? அயர்லாந்தைச் சேர்ந்த மொலினூ 1688இல் தத்துவஞானி ஜோன் லொக்கிடம் இவ்வினாவை எழுப்பினார்.

இதற்கான விடையைச் சின்ஹா குழுவினர் 2011இல் வெளியிட்டனர். சிகிச்சை பெற்ற 8 முதல் 17 வயது வரையான ஐவர் இதில் பங்குபற்றினர். பார்த்த உருவைப் பார்த்தே தெரிவு செய்தபோது 92 சதவீதம் சரியாக இருந்தது. தொட்டதைப் பார்த்துத் தெரிவு செய்தபோது 58 சதவீதமே சரி. இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்தாலே 50 சதவீதம் வரும் அல்லவா? ஆகவே உடனடி விடை 'இல்லை' என்பதே. ஆயினும் அவர்கள் அத்திறனை விரைவாகக் கற்றுக்கொண்டனர்.

4. அசைவின் பங்கு

ஒரு வட்டமும் ஒரு சதுரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்டிருந்தால் நாம் இரண்டு உருக்களைக் காண்போம். புதிதாகப் பார்வை பெற்றவர்களோ கோடுகளால் பிரிபட்ட ஒவ்வொரு துண்டையும் தனிப்பொருளாகக் கருதினர். உருக்கள் அசைந்தபோது எவை ஒன்றாகச் சேர்ந்தவை என்று அறிந்துகொண்டனர். அசைவே துண்டுகளை இணைக்கக் கற்பிக்கிறது.

5. ஓட்டிசமும் எதிர்வுகூறலும்

அசையும் பொருளைப் பின்தொடர, அது அடுத்த கணம் எங்கே இருக்கும் என மூளை எதிர்வுகூற வேண்டும். 1943இல் லியோ கானர் விபரித்த ஓட்டிசத்தில் இந்த எதிர்வுகூறும் ஆற்றல் வேறுபட்டிருக்கலாம் என்ற கருதுகோளைச் சின்ஹாவும் குழுவினரும் 2014இல் முன்வைத்தனர்.

ஓர் உதாரணம். உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட உள்ள நமது வகுப்பில், பலாலி வீதி பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் முதல் நாள் உங்களைத் திடுக்கிடச் செய்திருக்கும். இன்று அது உங்கள் காதில் விழுவதேயில்லை. மூளை அதனை எதிர்பார்க்கப் பழகிவிட்டது. அப்படிப் பழகாத ஒருவருக்கு ஒவ்வொரு சத்தமும் முதல் சத்தமே. காதைப் பொத்துதல், ஒரே ஒழுங்கை விரும்புதல், வரும் பந்தைப் பிடிக்கச் சிரமப்படுதல் ஆகியவற்றை இக்கருதுகோள் ஒன்றாக விளக்க முயல்கிறது.

மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அழுத ஒரு சிறுவனை நான் முன்பு "பிடிவாதக்காரன்" என்று ஏசியிருக்கிறேன். இதைப் படித்த பின்னர் அந்தச் சொல்லுக்காக வெட்கப்பட்டேன். உங்கள் வகுப்பிலோ அயலிலோ அப்படியொரு பிள்ளை இருந்தால் கேலி செய்யாதீர்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே அமைதியாகச் சொல்லுங்கள்.

கவனிக்க:

• கருதுகோள் என்பது நிறுவப்பட்ட முடிவல்ல. விடையில் "காரணம் இதுவே" என எழுதாது "இவ்வாறு இருக்கலாம் எனக் கருதப்படுகிறது" என எழுதுக.
• ஓட்டிசம் தொற்றுநோயல்ல. வளர்ப்புப் பிழையாலோ தடுப்பூசியாலோ அது ஏற்படுவதில்லை.

பயிற்சி வினாக்கள்

1. பிரகாஷ் திட்டத்தின் இரு நோக்கங்களும் யாவை?
2. 58 சதவீதம் என்ற பெறுபேற்றை 'இனங்கண்டனர்' என்று கொள்ள முடியாதது ஏன்?
3. "கண் ஒரு புகைப்படக் கருவி" என்ற கூற்று எவ்வாறு குறைபாடுடையது? இரு சான்றுகளுடன் விளக்குக.

மூன்றாம் வினாவைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். வாழ்த்துகள்!