சைவ மாணவர்க்கு ஆங்கிலச் சொல்லும் வழக்கும்

நம் பாடசாலைகளிற் காலைதோறும் தேவார திருவாசகங்கள் ஓதப்படுகின்றன. அவற்றை ஓதிய மாணவரே பின்னர் ஆங்கில பாடத்துக்கு அமர்கின்றனர். இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். நல்லூர்ப் பெருந்திருவிழா நிகழும் 25 நாளிலும், கனடாவிலும் இங்கிலாந்திலும் பிறந்த நம் உறவினர் பிள்ளைகள் வந்து, வீதியிலே பாடப்படும் பதிகத்தின் பொருள் யாதென ஆங்கிலத்தில் வினாவ, நம் மாணவர் வாய்வாளாது நிற்றலைக் கண்டோர் அவ்வெண்ணம் பிழையென்று அறிவர்.

யாம் மிஷன் பாடசாலையொன்றிற் பயின்ற காலத்தே, ஓர் ஆசிரியர் மலம் என்பது யாதென ஆங்கிலத்தில் வினாவினார். அகராதியில் யாம் கண்டிருந்த அழுக்கு என்னும் பொருளையே ஆங்கிலத்திற் கூறினேம். வகுப்பு முழுவதும் நகைத்தது. அதன்பின் பல திங்கள் தேவாரத்தை வாய்விட்டுப் பாட நாணினேம். குற்றம் நகைத்தோரிடத்து மாத்திரம் உள்ளதன்று. அச்சொல்லின் பொருளை எமக்கு ஒருவரும் முன்னரே கற்பித்திலர். அந்நாணம் நம் மாணவர்க்கு வாராதிருத்தற்பொருட்டே இதனை எழுதுகின்றேம்.

நம் சமயச் சொற்களை ஆங்கிலத்திற் பெயர்க்க முற்பட்டோருள் மிஷனரிமாரே முன்னின்றனர். வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை மொழிபெயர்த்து 1854-இல் வெளியிட்டார். 67,000 சொற்களுக்கு மேற்பட்ட வின்ஸ்லோ அகராதி 1862-இல் வெளிவந்தது. போப்பையர் திருவாசக மொழிபெயர்ப்பை 1900-இல் வெளியிட்டார். அவர்தம் உழைப்புக்கு நாம் கடப்பாடுடையோம். ஆயினும் அவர் கையாண்ட ஆங்கிலச் சொற்கள் தம் சமயப்பொருளையும் உடன்கொண்டு வருவன. ஆதலால் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து, 1848-இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1872-இல் சைவப் பிள்ளைகளுக்கு ஆங்கில வித்தியாசாலையொன்றையும் தொடங்கினார். அது நெடுநாள் நிலைத்திலதாயினும், ஆங்கிலத்தை வெறுத்தவரல்லர் அவர் என்பதற்கு அதுவே சான்றாம்.

முதலாவது, சொற்கள். மலம் என்பதற்குச் சின் என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதுவோர் உளர். சின் என்பது கடவுளாணைக்கு மாறாகச் செய்த பாவம். ஆணவமலமோ செய்யப்பட்டதன்று, நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும்போல உயிரோடு அநாதியே உள்ளது. ஆதலால் மலம் என்றே எழுதி, உயிரின் அறிவை மறைக்கும் அநாதியான கட்டு என ஓர் ஆங்கில வாக்கியத்தால் விளக்குக. பசு என்பதற்குச் சோல் என்னும் சொல் பொருந்தும். ஆயினும் சைவசித்தாந்தத்தில் உயிர் படைக்கப்பட்டதன்று, பதியும் பாசமும்போல அநாதியானது என்பதை உடன் உணர்த்துக. அருள் என்பதற்குக் கிறேஸ் என்பது தகும். ஆனால் அச்சொல் உணவுக்கு முன் சொல்லும் வழிபாட்டையும், நடையின் நளினத்தையும், கடனிறுத்தற்குத் தரும் தவணையையும் குறிக்குமாதலால், இடமறிந்து பொருள்கொள்ளப் பழக்குக.

இரண்டாவது, வழக்கு. காற்று வாங்கினான் என்பதை விலைகொடுத்துக் கொண்டான் எனப் பெயர்ப்பவன் நகைக்கப்படுவான். சமய வழக்கிலும் அவ்வாறே. நாம் விரதம் பிடிக்கின்றோம். ஆங்கிலரோ விரதத்தைக் காக்கின்றனர். ஆதலால் கேச் என்பது பிழை. கீப் என்பதே மரபு. நாம் நேர்த்தி வைக்கின்றோம். அவர் அதனைச் செய்கின்றனர். அங்கே புட் என்பது பிழை. மேக் என்பதே வழக்கு. பாடியருளினார் என்னுமிடத்து அருளினார் என்பது உயர்வு குறித்த துணைவினை. அதனைத் தனிவினையாகப் பெயர்த்தால், பாடிய பின் வேறொரு செயல் செய்தார் என்று பொருள்படும். கிறேஷஸ்லி என்னும் அடையைப் பாடினார் என்பதற்குரிய ஆங்கில வினையோடு சேர்த்தல் அமையும்.

மூன்றாவது, செய்யுளிலக்கணச் சொல். அடி என்பது பாதத்தையும் செய்யுளின் ஓருறுப்பையும் குறிக்கும். ஆங்கிலத்திற் புட் என்று ஒலிக்கும் பாதப்பெயரும் இவ்விரண்டையும் குறிக்கும். ஆயினும் அவர் செய்யுளில் அது நம் சீரோடு ஒப்பது. நம் அடிக்கு ஒப்பது லைன் என்பதாம். நான்கடிப் பாடலை நான்கு சீருடையது என்று மாணவர் எழுதுதல் இம்மயக்கத்தாலேயாம்.

கற்பிக்கும் முறை வருமாறு. முதலிற் பாடலைப் பண்ணோடு ஓதுவிக்க. பின் பதம் பிரித்துத் தமிழிலே பொழிப்புரை சொல்லுவிக்க. அதன்பின்னரே, தம் சொந்த வாக்கியம் மூன்றால் அப்பொருளை ஆங்கிலத்திற் சொல்லுவிக்க. பொருத்தமான ஆங்கிலச் சொல் கிடையாதவிடத்துத் தமிழ்ச்சொல்லையே வைத்து விளக்குதல் குறைவன்று. தமிழ்ப்பொருள் தெளியாதவனுக்கு ஆங்கிலம் கைகொடாது.

மனப்பாடம் செய்தலை ஆங்கிலர் பை ஹார்ட் என்பர். இதயத்தாற் கற்றல் என்பது அதன் சொற்பொருள். நம் நூல்களோ கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்கு படி வகுத்தன. நம் மாணவர் பலர் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர். இன்னொரு மொழியில் உரைக்க முயலுங்கால் அவர் சிந்தித்தே தீரல் வேண்டும். ஆதலின் ஆங்கில பாடவேளையும் சைவத்துக்கு ஆம் வேளையே. ஆசிரியர்காள்! இவ்வாரம் ஒரு பதிகத்தை எடுத்துத் தொடங்குமின். வினாவுவோர் முன் நம் பிள்ளைகள் நாணாது நின்று விடைசொல்லத் திருவருள் கூட்டுவதாக.