கணக்கேடும் காப்பேடும்

பனையோலை நெடுங்காலம் நில்லாது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆதலின் ஏடு பழுதடையுமுன் அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி, வெவ்வேறு ஊர்களில் வைத்துக் காத்தனர். இன்று நாம் சங்கநூல்களைக் கற்பது அவ்வாறு பெயர்த்தெழுதினோரின் உழைப்பினாலாகும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களிற் பலவற்றுக்கு வேறிடங்களிற் பிரதிகள் இருந்தன. ஒற்றைப் பிரதியாக அங்கிருந்த சுவடிகளோ மீளவேயில்லை. ஒரே பிரதியாக உள்ளது காவலற்றது என்பதே இதனால் அறியக்கிடப்பது. இப்பாடம் இன்று நம் கடைத்தெருவுக்கும் வேண்டியதாயிற்று.

கல்முனையில் உரம் விற்கும் ஒரு கடையை மனத்திற் கொள்வோம். விதைப்புக் காலத்தில் உழவர் கடனாக உரம் பெறுவர். அறுவடையின் பின் பணம் கொடுப்பர். முன்னர் இக்கணக்குத் தடித்த பேரேட்டில் இருந்தது. இன்று பின்னறையிலுள்ள ஒரு கணினியில் இருக்கின்றது. முன்மேசைக் கணினிகள் யாவும் அதனிடமே கணக்கைக் கேட்டுப் பெறும். அதனையே சேவையகம் என்பர். ஒருநாட் காலை அஃது இயங்க மறுக்குமாயின், எவர் எவ்வளவு தரவேண்டும் என்பதை யார் சொல்வார்? கொடுத்தவரிடமே மீண்டும் கேட்க நேரும். கொடாதவர் ‘கொடுத்துவிட்டேன்’ எனின் மறுக்கவும் இயலாது. பொருளிழப்பினும் பெரிது நம்பிக்கையிழப்பு. கடனை எழுத்தில் வைக்குமாறு திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிப்பதை நம் முஸ்லிம் அன்பர்கள் அறிவர். எழுதினால் மட்டும் போதாது. எழுதியது நிலைக்கவும் வேண்டும்.

சேவையகம் கெடும் வழிகள் பல. வன்தட்டு தேயும். மின்சாரம் திடீரென நின்றால், எழுதிக்கொண்டிருந்த கணக்குச் சிதையும். களைத்த ஒருவர் கைதவறி அழிப்பர். கப்பங் கோரும் தீநிரல் கோப்புக்களைப் பூட்டிவிடும். சிலர் இரு வன்தட்டுக்களில் ஒரே வேளையிற் பதியும் அமைப்பைப் பொருத்தி, அச்சம் நீங்கியதென்பர். ஒரு தட்டுப் பழுதாயின் மற்றையது உதவும் என்பது மெய்யே. ஆயினும் ஒன்றிற் தவறாக அழித்தது மற்றையதிலும் அக்கணமே அழியும். ஆகவே அது காப்புப் பிரதி ஆகாது.

நம் நாட்டிலேயே இதற்குத் தக்க சான்றுண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்க முகில் எனப்படும் சேமிப்பு அமைப்பைக் கப்பத் தீநிரல் தாக்கியது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிப்புற்றன. சேவை மீண்டது, ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதியும் உடன் பூட்டுண்டது. இணைப்பினின்று நீக்கித் தனியே வைத்த பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இவ்வாறாயின், சிறு கடைக்குச் சொல்லவும் வேண்டுமோ?

இனிப் பிரதியை எங்கு வைப்பது? 2004 டிசம்பர் 26ஆம் நாளை நம் கரையோர மக்கள் எவரும் மறந்திலர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டது. உயிரோடு ஒப்பிடின் கணக்கு அற்பமே. எனினும் எஞ்சியோர் மீண்டும் தொழில் தொடங்குவதற்கு அவ்வற்பமே துணையாகும். கடையும் வீடும் ஒரே கரையில் இருப்பின், இரண்டிலும் உள்ளதை ஒரே அலை கொண்டுபோகும்.

ஆதலின் அறிஞர் கூறும் விதி இது: பிரதிகள் மூன்று இருத்தல் வேண்டும், அவை இரு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். நம் கடைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். சேவையகத்தில் உள்ளது முதலாவது. ஒவ்வோர் இரவும் வெளி வன்தட்டு ஒன்றிற் பதிந்து, பதிந்தவுடன் கழற்றி வைப்பது இரண்டாவது. முகிற் சேமிப்பகத்தில் வைப்பது, அல்லது வெள்ளிதோறும் சம்மாந்துறையிலோ அம்பாறை நகரிலோ உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புவது மூன்றாவது. வெளியே செல்லும் பிரதியைக் கடவுச்சொல்லாற் பூட்டுக. அதில் உள்ளவை பிறருடைய கடன்விபரங்கள் அல்லவா?

பிரதி எடுத்தோம் என்று அமைதல் கூடாது. 2017 ஜனவரி 31ஆம் நாள் இரவு கிட்லேப் என்னும் உலகறிந்த மென்பொருள் நிறுவனத்திற் பணியாளர் ஒருவர் தவறான சேவையகத்திலிருந்த தரவை அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடியபோதே, நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பிரதி உண்மையில் எடுக்கப்படவேயில்லை என்பது தெரியவந்தது. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதியே அவர்களைக் காத்தது. மீட்டுப் பாராத பிரதி, எண்ணிப் பாராத பணம் போன்றது. ஆகவே மாதம் ஒருமுறை மற்றொரு கணினியில் அதனைத் திறந்து, அன்றைய நிலுவையோடு ஒப்புநோக்குக.

இறுதியாக, இரு வினாக்களுக்கு முதலாளி முன்னதாகவே விடை காண்க. எத்தனை மணி நேரக் கணக்கை இழப்பினும் தாங்கலாம்? எத்தனை நாள் சேவையகமின்றிக் கடை நடத்தலாம்? முதல்விடை எத்துணை அடிக்கடி பிரதி எடுப்பதென்பதைத் தீர்மானிக்கும். இரண்டாவது விடை மாற்றுக் கணினி ஒன்று வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும். பழுது திருத்துபவர் யார், பிரதி எங்குளது, அதனை மீட்பவர் யார் என்பனவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுக. கணினியில் மட்டும் எழுதிவைத்த திட்டம் கணினியோடு போகும். கைப்பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றும் மேசையில் இருத்தல் நன்று.

மாணவர்களே, இன்று மாலை வீட்டிலோ கடையிலோ கணினி இருப்பின், ‘இது நாளை இயங்காவிடில் நம்மிடம் எஞ்சுவது யாது?’ என்று கேளுங்கள். விடை கூற எவரும் தயங்கினால், அன்றிரவே ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். ஏடு பெயர்த்தெழுதியோர் செய்த பணியும் அதுவே.