200 வாட் என்றால் இரண்டு மடங்கு சத்தமா?

வீட்டில் 100 வாட் ஆம்ப்ளிஃபையர் இருந்த இடத்தில் 200 வாட் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போட்டதும் “சத்தம் ரெண்டு மடங்கு!” என்பார் அண்ணன். மாணவர்களே, உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

திறன் 2 மடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குத் திறன் 10 மடங்காக வேண்டும். அதாவது 1000 வாட்!

அப்படியானால் 200 வாட் வீணா? இல்லை. வரவேற்பறையில் மிதமாகப் பாட்டுக் கேட்கப் பெரும்பாலும் 1 வாட்டே போதும். ஆனால், பாட்டு ஒரே சீராக ஓடுவதில்லை. உருமி ஓங்கி விழும் கணத்தில் சராசரியைவிட 10 மடங்கு திறன்கூடத் தேவைப்படலாம். சத்தத்தைக் கூட்டும்போது சிறிய ஆம்ப்ளிஃபையர் இங்கேதான் திணறும். ஒலியலையின் உச்சியை வெட்டிவிடும், அடி கரகரக்கும். பெரியதில் அதே அடி தெளிவாக விழும். முதல்முறை கேட்கும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான். இரண்டையும் ஒரே ஒலி அளவில் வைத்து ஒப்பிடுங்கள். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

தெளிவிலும் ஓர் ஆபத்து உண்டு. கரகரப்பு இல்லாததால் சத்தம் அதிகம் என்றே தோன்றாது. கை மேலும் திருகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு எவ்வளவு நேரம்? கணக்கிட்டுப் பாருங்கள்: 15 நிமிடம்.