ரேடியேட்டரில் காற்று: எடுக்க வேண்டியது யார்?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். நவம்பரிலிருந்து மாடியில் இருக்கும் இரண்டு ரேடியேட்டர்களிலும் மேற்பகுதி சூடாவதில்லை. ஏஜெண்டிடம் போனில் சொன்னோம். "காற்று அடைத்திருக்கும். சாவி போட்டுத் திறந்துவிடுங்கள். அது உங்கள் வேலை, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது" என்றார். கணவர் வாராவாரம் காற்றெடுக்கிறார். இரண்டு நாள் சூடாகிறது, பிறகு பழைய கதைதான். இப்போது தண்ணீர் கறுப்பாக வருகிறது, பாய்லர் பிரஷரும் இறங்குகிறது. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால், கோபத்தில் போன மாத வாடகையில் 200 பவுண்டைப் பிடித்துக்கொண்டோம். வீட்டுக்காரரோ ரேடியேட்டரைக் கெடுத்ததே நாங்கள்தான் என்கிறார். சட்டம் யார் பக்கம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். அதில் ஏஜெண்டின் குணநலன் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. வழக்குக்கு அது உதவாது.

எப்போதாவது ஒருமுறை காற்றெடுப்பது குடியிருப்பவர் வேலை என்று ஏஜெண்ட் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். வாரன் எதிர் கீன் வழக்கில் நீதிபதி டென்னிங், அடைத்த சிங்க்கைச் சுத்தம் செய்வது போன்ற சில்லறை வேலைகளைக் குடியிருப்பவர் தலையில்தான் வைத்தார். காற்றெடுப்பதும் அந்த ரகம்தான்.

ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது அதுவல்ல. எடுத்த காற்று இரண்டே நாளில் திரும்ப வந்து, தண்ணீரும் கறுத்திருந்தால், உள்ளே இரும்பு அரிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அரிப்பில் உண்டாகும் வாயுவும் மேலே போய்த்தான் தங்கும். காற்றெடுத்தவுடன் பிரஷர் சற்று இறங்குவது இயல்பு. காற்றெடுக்காத நாளிலும் இறங்கினால் எங்கோ கசிகிறது. இவை பழுதுகள். வீட்டுக்காரர் மற்றும் குடியிருப்பவர் சட்டம் 1985, பிரிவு 11இன்படி, ஏழு ஆண்டுக்குக் குறைவான வாடகை ஒப்பந்தங்களில், வீட்டைச் சூடாக்கும் அமைப்பைப் பழுதின்றி இயங்கும் நிலையில் வைப்பது வீட்டுக்காரர் கடமை. அந்தக் கடமையை உங்கள் மேல் தள்ளும் ஒப்பந்த வரி பிரிவு 12இன்படி செல்லாது. அந்த வரி என்னவென்று பார்க்கலாம் என்றால், ஒப்பந்தத்தின் நகலையே நீங்கள் அனுப்பவில்லை!

வழக்கைத் தீர்மானிப்பது வேறொன்று. பழுது வீட்டுக்காரருக்குத் தெரிய வந்த பிறகுதான் அவர் பொறுப்பு தொடங்குகிறது. 1973இல் ஓப்ரையன் எதிர் ராபின்சன் வழக்கில் பிரபுக்கள் சபையே அப்படிச் சொன்னது. "போனில் சொன்னோம்" என்கிறீர்கள். என்றைக்கு? எடுத்துப் பேசியது யார்? வாய்மொழியாகச் சொன்னதும் அறிவிப்புதான். ஆனால் நாளை ஏஜெண்ட் "யாரும் சொல்லவில்லை" என்று கையை விரித்தால் எதைக் காட்டுவீர்கள்? ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறோம், வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு வரி எழுதக் கை வரவில்லை. நவம்பரிலேயே ஒரு மின்னஞ்சல் போயிருந்தால் இந்தக் குளிர்காலம் முழுவதுமே உங்கள் இழப்பீட்டுக் கணக்கில் ஏறியிருக்கும்.

எனவே இன்றே ஏஜெண்ட், வீட்டுக்காரர் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பு போனில் சொன்ன தேதிகளை அழைப்புப் பதிவிலிருந்து எடுத்து எழுதுங்கள். கறுப்புத் தண்ணீரின் படம், பிரஷர் மானியின் படம், அறை வெப்பநிலை எல்லாம் சேரட்டும். கைக்குழந்தை இருப்பதையும் குறிப்பிடுங்கள். நியாயமான கெடு கொடுங்கள். அசையவில்லை என்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் புகார் செய்யலாம். அளவுக்கு மீறிய குளிரை அவர்கள் ஆபத்தாகவே கணக்கிடுவார்கள். பாய்லரின் மூடியை மட்டும் கணவர் தொட வேண்டாம். அது கேஸ் சேஃப் பதிவு பெற்றவர் வேலை. பிரஷருக்காக அடிக்கடி புதுத் தண்ணீர் ஏற்றுவதையும் நிறுத்துங்கள்: அதிலுள்ள ஆக்சிஜன் அரிப்பை வளர்க்கும், "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்ற வாதத்துக்கும் அதுவே தீனி.

அந்த 200 பவுண்டை உடனே கட்டிவிடுங்கள். பழுதுச் செலவை வாடகையில் கழிக்க வழி உண்டு, ஆனால் அதற்கு முறை இருக்கிறது. கோபத்தில் பிடித்துக்கொண்டது வாடகை பாக்கியாகவே எழுதப்படும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் வீட்டுக்காரருக்கே உதவும்.

இது உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுக் கருத்து, இங்கிலாந்துச் சட்டப்படி. ஒப்பந்தம், டெபாசிட் பாதுகாப்புச் சான்று, வாடகை கட்டிய வங்கிப் பதிவு மூன்றையும் எடுத்துக்கொண்டு, வீட்டு வழக்கு நடத்தும் ஒரு சொலிசிட்டரை நேரில் பாருங்கள். கட்டணம் இடித்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஷெல்டர் அமைப்பை அணுகுங்கள். ஒப்பந்தத்தை மறக்காதீர்கள்.